மஞ்சள் டேப் ஒட்டிய தீவனம்

கூலிம் நகரில் நான் பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்த தொழிற்சாலை, தன் உற்பத்தியை வேறு நாட்டுக்கு மாற்றிக்கொண்டபோது எனக்கு நாற்பத்து நான்கு வயது. அந்த வயதுக்காரனை ஷிப்டு வேலைக்கு எடுக்க வேறெந்தத் தொழிற்சாலையும் தயாராக இல்லை. எட்டு மாதம் வீட்டில் இருந்தேன். பிறகு மாதா கோயிலில் பழக்கமான ஒருவர் சொல்லி, சுங்கைப்பட்டாணிக்கு வெளியே உள்ள ஓர் ஆய்வுக்கூடத்தில் எலி பார்க்கும் வேலை கிடைத்தது.

எலி பார்ப்பது என்றால், பிளாஸ்டிக் பெட்டிகளில் மூன்று மூன்றாக வளரும் கறுப்புச் சுண்டெலிகளுக்குத் தீனி போட வேண்டும், தண்ணீர்ப் புட்டிகளை மாற்ற வேண்டும், நனைந்த மரத்தூளைக் கொட்டிவிட்டுப் புதுத்தூள் பரப்ப வேண்டும். கண்ணில் பட்டதை எல்லாம் தாளில் எழுதி வைக்க வேண்டும். முகமூடி, கையுறை, நீல அங்கி. உள்ளே எப்போதும் ஒரே குளிர். விளக்குகள் தாமாக எரியும், தாமாக அணையும். தொழிற்சாலையின் தூசியில்லா அறையில் பதினெட்டு ஆண்டுகள் நின்றவனுக்கு அதெல்லாம் புதிதில்லை. மூத்திர வாடை மட்டும்தான் புதிது.

அக்காவிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். நாங்கள் வளர்ந்த தோட்டத்தில் தாய்மார்கள் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் கொட்டகையில் ஆயா என்று ஒருத்தி இருப்பாள்.

"அப்ப நீ எலிக்கு ஆயாவா இருக்கப் போற" என்றாள்.

அக்கா எனக்குப் பதினாறு வயது மூத்தவள். அம்மா இறந்தபோது எனக்கு ஆறு வயது, அவளுக்கு இருபத்திரண்டு. சுங்கை லாலாங் பக்கம் ஒரு தோட்டத்தில் அவள் மருந்து அடிக்கும் கும்பலில் இருந்தாள். முதுகில் பம்பைச் சுமந்துகொண்டு, செம்பனை வரிசைகளுக்கு இடையில் புல்லுக்குக் களைக்கொல்லி தெளிக்கும் வேலை. கைவிரல் நகங்கள் எல்லாம் மஞ்சளாகி, அடியிலிருந்து பெயர்ந்து விழுந்து, மறுபடி கோணலாக முளைத்தவை. பெண் கேட்டு இரண்டு முறை வந்தார்கள். தம்பியையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன் என்றாளாம். இரண்டும் நின்றுபோயின. அதை அவள் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை, அப்பா இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்பு சொன்னார்.

தோட்டத்துத் தொழிலாளர் லய வீடுகளை இடித்து வீடமைப்புத் திட்டம் வந்தபோது அக்கா எங்களோடு வந்து சேர்ந்தாள். தாமான் குடியிருப்பில் நானும் என் மனைவியும் மட்டும் இருக்கும் சின்ன வீடு. எங்களுக்குப் பிள்ளை இல்லை. மனைவி ஒரு பல் கிளினிக்கில் வரவேற்பில் இருந்தாள். அக்காவுக்குப் பின்னறையைக் கொடுத்தோம். வந்த அன்றே பின்பக்கத்துத் துண்டு நிலத்தில் மிளகாய் ஊன்றினாள்.

ஆய்வுக்கூடத்தில் மற்ற அறைகளில் இருந்த எலிகள் சில வாரங்களில் போய்விடும். ஊசி போடுவார்கள், அறுப்பார்கள், புதுசு வரும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம் கடைசி அறையை என்னிடம் ஒப்படைத்தார்கள். அந்த ஆய்வை நடத்திய டாக்டர் அலோர் ஸ்டாரைச் சேர்ந்த தமிழ்ப் பெண். முப்பத்தைந்து வயதுதான் இருக்கும், என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

"இந்த ரூம்ல உள்ளதுங்கள நாம ஒண்ணும் பண்ணப் போறதில்லண்ணே" என்றார். "வயசாக விடப் போறோம். அவ்ளோதான்."

அவர் விளக்கியது எனக்குப் புரிந்த வரையில் இது. சுண்டெலி இரண்டு, இரண்டரை ஆண்டு வாழும். மனிதனுக்கு எழுபது எண்பது ஆண்டுகளில் நடப்பது அதற்குள் அதன் உடம்பில் நடந்து முடிந்துவிடும். ஆகவே ஒரு மருந்து முதுமையைத் தள்ளிப்போடுகிறதா என்று பார்க்க எலிதான் வசதி. பாதி எலிகளுக்கு மருந்து கலந்த தீவனம், பாதிக்குச் சாதாரணத் தீவனம். இரண்டும் விரல்கணு அளவில், ஒரே நிறத்தில், ஒரே கெட்டியில் இருக்கும். குளிர்ப்பெட்டியில் இரண்டு டப்பாக்கள். ஒன்றில் நீல டேப், ஒன்றில் மஞ்சள் டேப். எதில் மருந்து என்று எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. தெரிந்தால் பார்வை ஒருபக்கம் சாய்ந்துவிடும் என்றார். அந்த விவரம் வேறு கட்டடத்தில் ஒருவரிடம் மூடிய உறையில் இருந்தது.

முதல் ஓராண்டு ஒன்றும் இல்லை. திங்கட்கிழமைகளில் ஒவ்வொன்றாக எடை போடுவேன். மாதம் ஒருமுறை ஒரு கம்பியைப் பிடிக்க வைத்து வாலைப் பிடித்து மெல்ல இழுப்போம், பிடியின் வலுவைக் கருவி காட்டும். சுழலும் தண்டின்மேல் நிற்க வைத்து எத்தனை விநாடியில் விழுகிறது என்று பார்ப்போம். மாலையில் பெட்டிக்குள் ஒரு பஞ்சுத்துண்டு போட்டுவிட்டுக் காலையில் பார்ப்போம். நல்ல எலி அதைப் பிய்த்துக் கிண்ணம்போலக் கூடு கட்டியிருக்கும்.

ஒன்றரை ஆண்டு ஆனபோது மாற்றம் தெரிய ஆரம்பித்தது. முதுகு கூனியது, முடி உதிர்ந்தது, கண்ணில் வெள்ளை விழுந்தது. சில எலிகள் தம்மையே சொறிந்து கழுத்தைப் புண்ணாக்கிக்கொண்டன. பஞ்சுத்துண்டு போட்ட இடத்திலேயே காலையிலும் கிடக்கும். பக்கவாட்டில் படுக்க வைத்தால் புரண்டு எழ முடியாமல், தொட்டால் சில்லென்று இருக்கும் எலியைக் கண்டால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். அவர் வந்து அதை ஒரு பெட்டியில் வைத்து வாயுவைத் திறப்பார். நேரத்தை நான் எழுதுவேன். அப்படி எழுதியதில் நீல டேப் பெட்டிகள்தான் அதிகம். என் கண்ணுக்கு அது பளிச்சென்று தெரிந்தது. மஞ்சள் டேப் எலிகளின் முடி இன்னும் மின்னியது. அவை கூடு கட்டின. டாக்டரிடம் ஒருமுறை இதைச் சொல்லப் போனேன். கையை உயர்த்தித் தடுத்துவிட்டார்; முடியும் வரை யாரும் அதைப் பேசக்கூடாது என்றார்.

அக்காவுக்கு அப்போது அறுபத்து மூன்று. பல வருடங்களாகச் சர்க்கரை உண்டு, மாத்திரை தவறாமல் சாப்பிடுவாள். ஆனால் உடம்பு இறங்கிக்கொண்டே வந்தது. குளியலறையில் இரண்டு முறை விழுந்தாள். அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு வாசலில் போய் நிற்பாள். ஊறுகாய்ப் புட்டியைத் திறக்க முடியாமல் என்னிடம் நீட்டினாள். முப்பது கிலோ பம்பைச் சுமந்த கை. காலையில் எழுந்ததும் போர்வையை நான்காக மடித்துத் தலையணைமேல் வைப்பது அவள் பழக்கம். அது நின்றது. நான் வேலைக்குக் கிளம்பும்போது பின்னறையை எட்டிப் பார்ப்பேன். போர்வை சுருண்டு தரையில் கிடக்கும்.

அரசாங்க கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். வயசுதான் என்றார்கள், சர்க்கரையும் சேர்ந்துகொண்டது என்றார்கள். கோபப்பட ஒன்றும் இல்லை. தினமும் நானே பார்த்துக்கொண்டிருந்ததைத்தான் அவர்கள் சொன்னார்கள்.

திங்கட்கிழமைகளில் அக்காவை எடை போட ஆரம்பித்தேன். ஒரு சின்னப் புத்தகத்தில் எழுதி வைத்தேன். எடை, விழுந்த நாள், சாப்பிட்ட அளவு, போர்வை மடித்தாளா இல்லையா. மனைவி ஒருநாள் அதைப் பார்த்துவிட்டாள். பக்கங்களைப் புரட்டினாள், பிறகு மேசைமேல் வைத்தாள்.

"அக்காவயும் எலி மாதிரி எழுதி வெச்சிருக்கீங்க" என்றாள்.

கிளினிக்கில் காட்டத்தான் என்றேன். அன்றிலிருந்து புத்தகத்தை மோட்டார் சைக்கிளின் பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

மஞ்சள் டேப் தீவனத்தை முதன்முதலில் எடுத்தது எந்த நாள் என்று நினைவில்லை. திட்டம் போட்டுச் செய்ததாகவும் தோன்றவில்லை. அன்று இரண்டு நீல எலிகளை டாக்டர் முடித்திருந்தார். குளிர்ப்பெட்டியைத் திறந்து மஞ்சள் டப்பாவில் கைவிட்டேன், ஒரு பிடி அங்கிக்குள் போனது. அவ்வளவுதான். டப்பாவிலிருந்து எடுத்த தீவனத்தை எடை போட்டு எழுத வேண்டும் என்பது விதி. என் பிடியையும் எலிகளுக்குப் போட்டதாகச் சேர்த்து எழுதினேன்.

வீட்டில் மிக்சியில் அரைத்தேன். பழுப்பு நிற மாவு. இரண்டு நாள் நானே கஞ்சியில் கலந்து குடித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதையே பெரிய சோதனையாக எடுத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் காலையில் அக்காவின் கஞ்சியில் ஒரு கரண்டி போட்டேன். சத்துமாவு என்று சொன்னேன்.

"கோழித்தீனி வாசம் அடிக்குதுடா" என்றாள். ஆனாலும் குடித்தாள். நான் கையில் கொடுத்தால் அவள் குடிப்பாள்.

வாரத்துக்கு ஒரு பிடி, நான்கு மாதம். மாவை ஒரு பழைய பால்மாவு டின்னில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தேன். காலையில் மனைவி என்னைவிட முன்னதாகக் கிளம்பிவிடுவாள். கஞ்சி காய்ச்சுவது நான்.

முதல் மாதம் அக்கா தேறினாள். இது என் கற்பனை இல்லை, புத்தகத்தில் இருக்கிறது. எடை இறங்குவது நின்றது. வாசல் கேட்டு வரை தனியாக நடந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டிப் பார்த்தேன், போர்வை நான்காக மடித்துத் தலையணைமேல் இருந்தது. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாதி வழி வந்த பிறகுதான் நான் அழுதுகொண்டிருப்பது எனக்கே தெரிந்தது. அன்று வேலைக்குப் போனதும் டாக்டர் முகத்தைப் பார்த்துச் சிரித்தேன். என்னண்ணே நல்ல சேதியா என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன்.

மூன்றாம் மாதம் அக்காவுக்கு வாயில் புண் வந்தது. உதட்டின் உள்பக்கம், நாக்கின் ஓரம், வெள்ளையாய் வட்டவட்டமாக. சூடு என்று நினைத்து இளநீர் வாங்கிக் கொடுத்தேன். கஞ்சி எரிகிறது என்றாள். ஆற வைத்துக் கொடுத்தேன். அவள் மென்று சாப்பிடுவதை நிறுத்திவிட்டதால் கஞ்சியையே இரண்டு வேளை ஆக்கினேன். மாவும் இரண்டு கரண்டி ஆனது.

அந்த மாதங்களில் ஆய்வுக்கூடத்தில் ஒரு மஞ்சள் எலியைப் பக்கத்து எலி தொடையில் கடித்துவிட்டது. சின்னக் காயம். வேறு எலியாக இருந்தால் ஒரு வாரத்தில் மூடியிருக்கும். இது மூடவில்லை. 'காயம் ஆறவில்லை' என்று அன்றாடக் குறிப்புத்தாளில் நான் இருபது நாளுக்கு மேல் தொடர்ந்து எழுதியிருந்தேன், என் சொந்தக் கையெழுத்தில். எழுதிக்கொண்டே போனேனே தவிர ஏன் என்று கேட்கவில்லை. முடி மின்னுவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனபோது துருப்பிடித்த தகரத்துண்டு ஒன்று அவள் காலைக் கிழித்தது. வலது பாதத்தின் ஓரம், சுண்டுவிரலுக்குக் கீழே. நான் கழுவி மருந்து போட்டுக் கட்டினேன். கிளினிக்கில் ஊசி போட்டார்கள். தினமும் கட்டுப் பிரித்துப் பார்த்தேன். பத்தாம் நாள் முதல்நாள் போலவே இருந்தது. பிறகு ஓரங்கள் கறுத்தன. காய்ச்சல் வந்தது. ஒரு காலை அவள் என்னை அப்பா என்று கூப்பிட்டாள். ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன்.

அவசரப் பிரிவில் ஓர் இளம் மலாய் டாக்டர் விவரம் எழுதிக்கொண்டார். சர்க்கரை எத்தனை வருடம், என்ன மாத்திரை, எப்போது அடிபட்டது. மனைவி பதிவு மேசைக்குப் போயிருந்தாள், நான் மட்டும் கட்டில் ஓரத்தில் நின்றேன். அவர் அக்காவின் வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தார். இந்தப் புண் எத்தனை நாளாக இருக்கிறது என்றார். சொன்னேன். பிறகு மலாயில் கேட்டார், வேறு ஏதாவது மருந்து கொடுக்கிறீர்களா, நாட்டு மருந்து, மாவு, சத்துப்பொடி, எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, சொல்லுங்கள் என்று. மிகவும் பொறுமையாகக் கேட்டார். பேனா தாளின்மேல் நின்றது.

"தாக் அடா" என்றேன். எதுவும் இல்லை.

அவர் எழுதிக்கொண்டார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். வேலை போய்விடும் என்ற பயம் என்று எழுதிக் கொடுத்தேன். அது பொய்யில்லை. ஆனால் அந்த நிமிடம் வேலையைப் பற்றிய நினைப்பே இல்லை. நான் எலித்தீனி கொடுத்தேன் என்பது அக்காவின் காதில் விழும். அவள் கண் திறந்துதான் இருந்தது.

அன்று மாலையே இரண்டு விரல்களை எடுத்தார்கள். நான்காம் நாள் பாதத்தின் பாதியை எடுத்தார்கள். நோய்க்கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது, மருந்துகள் எடுபடவில்லை என்றார்கள். மனைவியும் நானும் மாறி மாறி இருந்தோம். ஏழாம் நாள் நண்பகல் அவளுக்குத் தெளிவு வந்தது. என்னைப் பார்த்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"வேலைக்குப் போகலியா?"

"லீவு போட்டிருக்கேங்கா."

"எலிங்க பசியா இருக்கும்டா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கஞ்சி மட்டும் இனி வேணாம், தம்பி. உனக்காகத்தான் குடிச்சேன்."

ஒன்பதாம் நாள் காலையில் இறந்தாள். தோட்டத்துச் சனங்கள் ஒரு வேன் பிடித்து வந்திருந்தார்கள். மருந்து அடித்த கும்பலில் அவளோடு இருந்த மூன்று பெண்கள் பெட்டியைச் சுற்றி நின்று செபமாலை சொன்னார்கள். அவர்கள் கை நகங்களும் அக்காவுடையவை போலவே இருந்தன. குழிக்குள் ஒரு பிடி மண் போடச் சொன்னார் சாமியார். போட்டேன்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் மனைவி சமையலறையை ஒதுக்கும்போது பால்மாவு டின்னைக் கீழே இறக்கினாள். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள்.

"இதான் நீங்க அக்காவுக்குப் போட்ட சத்துமாவா? எங்க வாங்குனீங்க?"

என்னால் இரண்டாவது முறையும் பொய் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், டேப், டப்பா, மிக்சி, ஆஸ்பத்திரியில் கேட்ட கேள்வி. அவள் திட்டவில்லை. அடுப்பு மேடையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"நானும் சாப்பிட்டேனே" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"அக்கா பாதிதான் குடிப்பாங்க. மீதி மூடி வெச்சிருக்கும். வேல விட்டு வந்ததும் நான் குடிச்சிருவேன்லா, கொட்ட மனசில்லாம. நாலு மாசமா." பிறகு கீழுதட்டை விரலால் மடித்துக் காட்டினாள். உள்பக்கம் ஆறிய வட்டத் தழும்பு இரண்டு இருந்தன. "எனக்கும் புண்ணு வந்துச்சு. எங்க கிளினிக்ல ஜெல்லு போட்டு விட்டாங்க. உங்ககிட்ட சொல்லணும்னு தோணல."

அதுவரை எனக்கு ஓர் ஒதுங்குமிடம் இருந்தது. மஞ்சள் டப்பாவில் இருந்தது சாதாரணத் தீவனமாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு நான் கொடுத்தது வெறும் கோதுமையும் சோளமும்தான் என்று. மனைவியின் உதட்டைப் பார்த்ததும் அந்த நினைப்பு நிற்கவில்லை.

அது என்ன மருந்து என்று டாக்டரிடம் கேட்டு வாருங்கள், எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்றாள் மனைவி. போகிறேன் என்றேன். ஆனால் விடுமுறை முடிந்து போன அன்று டாக்டரே என்னைக் கூப்பிட்டார். அக்காவுக்காக வருத்தம் சொன்னார். பிறகு என் மனதைத் திருப்புவதற்காகவோ என்னவோ, கணினியில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். மஞ்சள் எலிகள் கடந்த நான்கு மாதமாக அதிகமாகச் சாப்பிடுகின்றன, ஆனால் எடை கூடவில்லை. இது யாரும் எதிர்பார்க்காதது, ஒரு மாநாட்டுக்கு எழுதி அனுப்பப் போகிறேன் என்றார். அவர் முகத்தில் அவ்வளவு மலர்ச்சியை நான் பார்த்ததில்லை. நான்கு மாதமாக மேலே ஏறியிருந்த அந்தக் கோடு என் கைப்பிடிகள்.

அன்று சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. வீட்டில் மனைவி ஒவ்வொரு மாலையும் கேட்டாள், கேட்டீங்களா என்று. நான்காம் நாள் காலை டாக்டரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு நின்றுகொண்டே சொன்னேன்.

அவர் முதலில் புரியாததுபோல் பார்த்தார். பிறகு எழுந்து ஜன்னல் பக்கம் போனார். திரும்பியபோது என் மனைவிக்கு இப்போது எப்படி இருக்கிறது என்பதைத்தான் கேட்டார். உடனே ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போகச் சொல்லி என்னென்ன பார்க்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அப்புறம் போனை எடுத்து அடுத்த கட்டடத்தில் உறை வைத்திருந்தவரிடம் அதைத் திறக்கச் சொன்னார். திறந்துவிட்டால் ஆய்வு அத்தோடு கெட்டது என்பது எனக்கும் தெரியும், நான் இரண்டு ஆண்டு அதில் இருந்தவன்.

"யெல்லோலதான் மருந்து" என்றார் போனை வைத்துவிட்டு.

உறுப்பு மாற்று அறுவை செய்தவர்களுக்குக் கொடுக்கிற மருந்து அது என்றார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கும். எலிகள் அதைத் தின்று நீண்டநாள் வாழ்கின்றன. வெளியிலிருந்து எந்தக் கிருமியும் வராத பெட்டிக்குள் அவை வாழ்கின்றன. வாய்ப்புண் வரும், காயம் ஆறத் தாமதமாகும், சர்க்கரை ஏறும்.

"அதுனாலதான் அக்கா போனாங்களா, டாக்டர்?"

"தெரியாதுண்ணே" என்றார். "நீங்க குடுத்த அளவு கொஞ்சம்தான். சுகர் உள்ள ஒடம்பு, காலு புண்ணு, அதுவே போதும் ஒரு ஆளு போறதுக்கு. ஆனா இல்லன்னு என்னால சொல்ல முடியாது. யாராலயும் சொல்ல முடியாது." நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "ஆஸ்பத்திரில கேட்டப்பயாவது சொல்லியிருக்கலாம். நிறுத்திட்டு வேற மாதிரி பாத்திருப்பாங்க" என்றார்.

"ஏன் எங்கிட்ட கேக்கல?" என்று பிறகு கேட்டார்.

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பீங்க."

"ஆமா" என்றார்.

விசாரணை நடந்தது. மூன்று பேர் உட்கார்ந்து கேட்டார்கள், நான் மலாயில் வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். போலீசுக்குப் போகவில்லை. எனக்கு இரண்டு வார அவகாசத்தில் வேலை முடிந்தது என்று கடிதம் வந்தது. டாக்டரின் ஆய்வும் முடிந்தது. தீவனக் கணக்கு முழுவதும் பொய், உறையும் திறந்தாயிற்று. மீதி இருந்த பத்தொன்பது எலிகளையும் ஒரே நாளில் முடித்து, உறுப்புகளை மட்டும் எடுத்து வைக்க முடிவு செய்தார்கள்.

என் கடைசி நாளுக்கு முதல்நாள் டாக்டர் கடைசி அறைக்கு வந்தார். வயதான எலிகள் புதுக் கை பட்டால் வெருண்டு போகும், இதயமே நின்றாலும் நிற்கும் என்றார். "நீங்க எடுத்துக் குடுங்கண்ணே. அதுங்களுக்கு உங்க கைதான் பழக்கம்." அதில் குத்தல் இருந்ததா என்று அன்றிலிருந்து யோசித்திருக்கிறேன். இல்லை என்றுதான் தோன்றுகிறது. அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

மறுநாள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். பன்னிரண்டு மஞ்சள், ஏழு நீலம். வாலின் அடியைப் பிடித்து, மறு உள்ளங்கையில் தாங்கி. சில எலிகள் கையுறையை மோந்து பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்தன. தொடையில் காயம் ஆறாத அந்த எலியும் இருந்தது, இன்னும் ஆறவில்லை. எலியைப் பெட்டிக்குள் விட்டதும் டாக்டர் வாயுவைத் திறப்பார், நான் நேரத்தை எழுதுவேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிட்டது. பெட்டிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு அங்கியைக் கழற்றினேன். டாக்டர் அறுவை மேசையிலிருந்து நிமிரவில்லை. நானும் சொல்லிக்கொள்ளவில்லை.

மனைவியின் ரத்தத்தில் ஒன்றும் இல்லை. மூன்று மாத இடைவெளியில் இன்னொரு முறையும் பார்த்தோம், அப்போதும் இல்லை. அந்த இளம் மலாய் டாக்டரைத் தேடி ஆஸ்பத்திரிக்குப் போனேன், அவர் பாலிங் பக்கம் மாற்றலாகிப் போயிருந்தார். இன்னொருவரிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார், கோப்பில் எழுதுவதாகச் சொன்னார். பாவசங்கீர்த்தனத்திலும் சொன்னேன். சாமியார் வெகுநேரம் பேசினார். அவர் சொன்னதில் எதுவும் தவறில்லை.

இப்போது கூலிமில் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறேன். மதிய ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போவது என் வேலை என்பதால் காலையில் வீட்டில் நான்தான் சமைக்கிறேன். மனைவி என்னை விட்டுப் போகவில்லை. போகச் சொல்லி அவள் அண்ணன் வந்து பேசினார், அவள் கேட்கவில்லை. அதைப் பற்றி நாங்கள் பேசுவதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஒன்றாகப் போய் வருகிறோம். வந்ததும் நான் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, அவள் முன்னால் வைக்கிறேன். எனக்கும் போட்டுக்கொண்டு உட்காருகிறேன். அவள் தண்ணீரை எடுத்துக் குடிப்பாள், அப்பளத்தை உடைத்து வைப்பாள், தட்டைக் கொஞ்சம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்துவாள். வேண்டுமென்று செய்கிறாளா என்று தெரியவில்லை. நான் முதல் கவளத்தை எடுத்து விழுங்கிய பிறகுதான் அவள் சோற்றில் கை வைக்கிறாள்.